மதுரைத் திட்டமும் புதிய தன்னார்வலர்களும்

மதுரைத் திட்டம் என்பது தமிழ் இலக்கிய நூல்களைக் கணினியில் உள்ளிட்டு, இணையத்தின் வழியே எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் பகிரவும் வழங்கும் தன்னார்வ முயற்சியாகும். இதன் முழுப்பெயர் மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம். இது 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய முனைவர் கல்யாணசுந்தரம் இதன் தலைவராக இருந்தார். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பிளாக்ஸ்பர்க் நகரில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணைத் தலைவராக இருந்தார். உழைத்த மற்றவர்கள் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா, வட அமெரிக்கா எனப் பல இடங்களில் சிதறியிருந்தனர்.

திட்டம் வெளியிட்ட நூல்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை பார்ப்பது வேறொன்றை: முன்பின் அறிமுகம் இல்லாத, பயிற்சி எதுவும் பெறாத ஒரு புதியவர் இதில் எப்படிக் கைகொடுக்க முடிந்தது என்பதை. இன்று தமிழில் இயங்கும் கட்டற்ற மென்பொருள் குழு எதைக் கேட்டாலும் இதே சிக்கலைச் சொல்லும். ஆர்வத்தோடு வந்து சேருவோர் பலர். என்ன செய்வது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் முதல் வாரத்திலேயே விலகிவிடுவோரும் பலர். மதுரைத் திட்டம் நிரல் எழுதும் குழு அன்று. ஆனால் தமிழ் இணையத்தில் புதியவர்களின் சிறு சிறு உழைப்பைச் சேர்த்துப் பெரிய பொதுச் சொத்தாக்கிய முதல் முயற்சிகளுள் அது ஒன்று. பின்னால் வந்த தமிழ்க் கணினிக் குழுக்கள் பலவற்றின் வழக்கங்களை அங்கே முளைவிட்ட நிலையில் காணலாம்.

பெயர் வந்த வழி

லோசானில் தொடங்கிய முயற்சிக்கு மதுரையின் பெயர் வைக்கப்பட்டதற்குக் காரணம், மூன்று தமிழ்ச் சங்கங்களில் கடைச்சங்கம் இருந்த ஊர் என்று மரபு சொல்லும் நகரம் அது என்பதே. அந்த மரபில் இக்கட்டுரைக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு பொருள் உண்டு. அது சங்கப் பலகை. சோமசுந்தரக் கடவுள் புலவர்களுக்கு அளித்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறும் அப்பலகை, தகுதியுள்ள புலவர் வந்தால் அவருக்கு இடம் கொடுத்து நீளும்; தகுதியற்றவருக்கு இடம் தராது. திருக்குறளை ஏற்றபோது அது குறுகி நூலுக்கு மட்டும் இடம் தந்து, மற்றப் புலவர்களைப் பொற்றாமரைக் குளத்தில் தள்ளிவிட்டது என்ற கதையும் பிற்காலத்தில் வழங்கியது. வாயிலிலேயே தகுதியைச் சோதிக்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான உருவகம் தமிழில் இல்லை. மதுரைத் திட்டம் முதலாவதாக வெளியிட்ட மின்னூலும் திருக்குறள்தான். ஆனால் அதை உள்ளிட்டவர்களுக்குப் பலகை எதுவும் போடப்படவில்லை.

மதுரையில் இடையில் இன்னொரு முயற்சியும் நடந்தது. பாலவநத்தம் சமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டு அங்கு நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மதுரையில் சொற்பொழிவாற்ற வந்தவர் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்க, அவ்வளவு பெரிய ஊரில் படி கிடைக்கவில்லை என்றும், அந்த வருத்தமே சங்கம் தோன்றக் காரணம் என்றும் சொல்வார்கள். சங்கம் நூல்களைத் திரட்டியது, அச்சகம் வைத்தது, 'செந்தமிழ்' இதழை நடத்தியது. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியான தேர்வுகளையும் நடத்தியது. புதிதாகத் தமிழ் கற்க வருபவர் முதல் படியிலிருந்து மேலே ஏறலாம். பலகையைவிட இது எவ்வளவோ தாராளமான ஏற்பாடு. எனினும் இதிலும் முதலில் தேர்ச்சி, பிறகே பணி. 1998இல் தொடங்கியவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கினர்.

எழுத்துரு என்னும் தடை

அந்நாளில் புதியவரைத் தடுத்தது புலமைக் குறைவு அல்ல, கணினியே. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் எழுத்துகளைத் தமக்கு வேண்டிய இடங்களில் வைத்திருந்தன. ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பிய எழுத்துகளும் இருக்க வேண்டிய எண்களில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருந்தன. ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினால், அதே எழுத்துரு இல்லாதவரின் திரையில் அது குப்பையாகத் தெரியும். ஆகவே கைகொடுக்க வந்தவர் நூலைத் தொடுமுன் எழுத்துருவை இறக்க வேண்டும், நிறுவ வேண்டும், விசைப்பலகையைப் பழக வேண்டும்.

இந்தத் தடையைக் குறைத்தவர்கள் நூலாசிரியர்கள் அல்லர், மென்பொருள் செய்தவர்கள். கல்யாணசுந்தரம் தாமே 'மயிலை' என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கியிருந்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' செயலி, ஆங்கில ஒலிப்பை ஒட்டித் தமிழைத் தட்டச்சு செய்ய வழி தந்தது. திட்டத்தின் தொடக்ககால நூல்கள் மயிலை, இணைமதி ஆகிய எழுத்துருக்களில் வெளிவந்தன. மதுரை போன்ற ஊர்களில் தட்டச்சு நிலையங்களில் பயின்றவர்களுக்குத் தட்டச்சுப்பொறியின் தமிழ் விசை அமைப்பு கைவந்திருந்தது. வெளிநாட்டில் இருந்த பொறியாளருக்கோ மாணவருக்கோ அது தெரியாது. 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்தால் தமிழில் வரும் என்பது அவர்களுக்குப் பெரிய வசதி. இதனால் உள்ளீடு செய்தவர்களில் அயல்நாட்டுத் தமிழர் கணிசமாக இருந்ததில் வியப்பில்லை. எந்த விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது, யார் பங்கெடுக்கப் போகிறார்கள் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது.

குறியாக்கக் குழப்பத்தைத் தீர்க்க மின்னஞ்சல் வழியே உலகெங்கும் இருந்த ஆர்வலர்கள் கூடிப் பேசி 'திஸ்கி' என்ற பொதுக் குறியாக்கத்தை உருவாக்கினர். இதில் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்க, மேற்பாதியில் தமிழ் அமைந்தது. 1999 முதல் மதுரைத் திட்ட நூல்கள் திஸ்கியில் வந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. ஆக, தமிழுக்குத் தரம் என்று ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தன. 2000களின் முற்பகுதியில் ஒருங்குறி பரவத் தொடங்கியதும் திட்டம் அதற்கு மாறியது. அதுவரை சேர்ந்திருந்த கோப்புகளையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கான மாற்றிகளையும் தமிழ் ஆர்வலர்களே எழுதினர்.

ஒருங்குறி வந்தவுடன் எல்லாம் எளிதாகிவிட்டது என்பது இன்றைய மாணவர்களின் எண்ணமாக இருக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் தமிழ் சரியாகத் தெரிய, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது; அதற்கு நிறுவல் குறுந்தகடு வேண்டும். வீட்டுக் கணினி வைத்திருந்தவர் தேடி எடுப்பார். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவர் குறுந்தகட்டுக்கு எங்கே போவார்?

முதலில் ஒரு நூல், பிறகு ஒரு பக்கம்

திட்டத்தின் முன்னோடி குட்டன்பெர்க் திட்டம். அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைக் கணினியில் தட்டச்சு செய்து தொடங்கியது அது. மதுரைத் திட்டமும் முதலில் அதே பாணியில்தான் நடந்தது: ஒருவர் ஒரு நூலை எடுத்துக்கொண்டு முழுவதும் தட்டச்சு செய்வார், இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். பழைய கோப்புகளைத் திறந்தால் உள்ளீடு செய்தவர் பெயர் ஒன்று, மெய்ப்புப் பார்த்தவர் பெயர் ஒன்று என்றே பெரும்பாலும் இருக்கும். ஒரு சிறு பிரபந்தத்துக்கு இது போதும். புராணமோ நாவலோ என்றால், வேலையும் குடும்பமும் உள்ளவர் மாலை நேரங்களில் செய்து முடிக்க மாதங்கள் ஆகும். பாதியில் விட்டால் அதுவரை செய்ததும் கிடப்பில் போகும். புதியவர் தொடவே தயங்குவார்.

குட்டன்பெர்க்கைச் சார்ந்தவர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். 2000ஆம் ஆண்டில் சார்லஸ் பிராங்க்ஸ் தொடங்கிய பகிர்வு மெய்ப்பு முறையில் நூல் தனித்தனிப் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டது. பக்கத்தின் படமும் அதன் எழுத்தும் எதிரெதிரே தெரியும். தன்னார்வலர் ஒரு பக்கத்தைத் திருத்திவிட்டுப் போகலாம். 2002ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஒரு பெயர்பெற்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் இதைப் பற்றி எழுத, ஒரே நாளில் 4,000க்கும் மேற்பட்ட புதியவர்கள் சேர்ந்தனர். வந்தவர்களுக்கு உடனே கொடுக்க ஒரு பக்கம் தயாராக இருந்ததுதான் அவர்களை வீணாக்காமல் காத்தது.

மதுரைத் திட்டமும் இம்முறையைத் தமிழுக்கு ஏற்றது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களிலிருந்து பெற்ற பக்கப் படங்கள் தன்னார்வலர்களுக்குப் பிரித்து வழங்கப்பட்டன. தமிழில் கூடுதலாக ஒரு கடினம் இருந்தது. ஆங்கில நூல்களுக்கு அப்போதே எழுத்துணரிகள் ஓரளவு நன்றாக வேலை செய்தன. ஆகவே அங்கே தன்னார்வலர் திருத்தினால் போதும். தமிழுக்கு நம்பகமான எழுத்துணரி அன்று இல்லை. ஒவ்வோர் எழுத்தையும் கையால் அடித்தே ஆக வேண்டும்.

அடிப்பவர் படிக்க வேண்டிய பக்கமும் எளிதன்று. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, ளை போன்றவை வேறு வடிவங்களில் இருக்கும். அதற்குப் பின் பள்ளியில் படித்தவர் அவற்றை முதலில் இனங்காண வேண்டும். பழைய அச்சில் ரகரமும் துணைக்காலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். பொருள் புரியாமல் அடித்தால் 'பாட்டு' என்பது 'பரட்டு' ஆகிவிடும். இவ்வகைப் பிழைகள் தமிழ் மின்னூல்களில் இன்றும் ஆங்காங்கே எஞ்சியிருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் தேர்வு வைத்து ஆள் சேர்த்திருந்தால் திட்டத்துக்கு எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள்? தவறு வரும் என்பதை ஏற்றுக்கொண்டு, பின்னால் ஒருவர் பார்த்துத் திருத்த வழி வைத்ததால் பலர் கிடைத்தனர்.

இதற்கு விலை உண்டு. பாடவேறுபாடுகளைக் குறித்துப் பதிப்பிக்கும் ஆய்வாளர், மதுரைத் திட்டப் பாடத்தை அப்படியே மேற்கோள் காட்டத் தயங்குவார். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் ஒரு சொல் எந்தெந்த நூல்களில் வருகிறது என்று நொடியில் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு அச்சுப் பதிப்பைப் புரட்டுகிற வழக்கம் அதே ஆய்வாளருக்கும் வந்துவிட்டது.

முகப்பில் நின்ற பெயர்கள்

திட்டத்தின் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் ஒரு முகப்புப் பகுதி உண்டு. நூலின் படம் எங்கிருந்து கிடைத்தது, யார் உள்ளிட்டார், யார் மெய்ப்புப் பார்த்தார், யார் இணையப் பக்கமாக ஆக்கினார் என்ற விவரங்கள் அதில் இருக்கும். பக்கம் பக்கமாகப் பிரித்துச் செய்த நூல்களில் பங்கெடுத்தவர்களின் பெயர்கள் வரிசையாகத் தரப்பட்டிருக்கும். இந்த முகப்பைச் சிதைக்காமல் வைத்திருக்கும் வரை கோப்பை யாரும் தாராளமாகப் பரப்பலாம் என்பதே திட்டம் விதித்த நிபந்தனை.

கட்டற்ற மென்பொருளின் உரிமங்களை அறிந்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. நிரலை எடுத்துக்கொள், மாற்றிக்கொள், எழுதியவர் பெயரை நீக்காதே என்று பல உரிமங்கள் சொல்லும். மதுரைத் திட்டத்தில் இதன் பயன் சட்டத்தைவிட மனிதரைச் சார்ந்தது. நான்கு பக்கம் மட்டும் அடித்த ஒருவர், கம்பனுக்கோ சேக்கிழாருக்கோ மேலே தம் பெயர் நிற்பதைக் காண்கிறார். ஏட்டுச்சுவடி படியெடுத்தவர்கள் சுவடியின் கடைசியில் தம் பெயரும் ஊரும் எழுதி முடித்த நாளும் குறித்து வைத்த பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாகவே இதைக் கொள்ளலாம். சம்பளம் இல்லாத வேலையில் இதைவிடப் பெரிய ஈவு எதுவும் இல்லை.

எல்லாரும் அந்த நிபந்தனையை மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. பாடத்தை மட்டும் வெட்டியெடுத்து, முகப்பை விட்டுவிட்டு வெளியிட்ட தளங்களும் செயலிகளும் ஏராளம்.

கடைசிக் கை

முகப்புகளைத் தொடர்ந்து பார்த்துவருபவர் ஒன்றைக் கவனிப்பார். உள்ளிட்டவர் பெயர் மாறும், மெய்ப்புப் பார்த்தவர் பெயர் மாறும். இணையப் பக்கமும் பிடிஎஃப் கோப்பும் தயாரித்தவர் பெயர் மட்டும் நூலுக்கு நூல் ஒன்றாகவே இருக்கும். அது கல்யாணசுந்தரத்தின் பெயர். பல ஊர்களிலிருந்து பல விதமாக வந்த பக்கங்களைச் சேர்த்து, வரிசைப்படுத்தி, பாட்டு எண்களைச் சரிசெய்து, ஒரே வடிவில் வெளியிடும் வேலை அவரிடமே போய் முடிந்தது.

சிறு பணிகளாகப் பிரித்தால் புதியவர்கள் தாமாகவே நூலை முடித்துவிடுவார்கள் என்று எண்ணுவது தவறு. பிரிப்பதும் ஒரு பெரிய வேலை, சேர்ப்பதும் ஒரு பெரிய வேலை. புதியவருக்கு வேலை எளிதாக எளிதாக, பின்னால் இருப்பவருக்குச் சுமை கூடும். நிரல் எழுதும் குழுக்களில் இதே நிலையைக் காணலாம். புதியவர்களுக்கு ஏற்ற முதல் பணி என்று அடையாளமிட்டுச் சிறு வழுக்களை ஒதுக்கி வைப்பது இன்று அங்கே பரவலான வழக்கம். அவ்வழுவைத் தாமே பத்து நிமிடத்தில் தீர்த்துவிடக்கூடிய மூத்தவர், அதை விளக்கி எழுதி, புதியவர் அனுப்பியதைப் பார்த்து, திருத்தம் சொல்லி, மீண்டும் பார்க்க ஒரு மணி நேரம் செலவிடுகிறார். அந்த ஒரு மணி நேரத்தைத் தர ஆள் இல்லாத குழுவில் அடையாளமிட்டும் பயனில்லை.

மதுரைத் திட்டத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருந்தன என்பது இக்கட்டுரையாளர் கருத்து. சளைக்காமல் சேர்த்துக் கோத்த ஒருவர் இருந்ததால் திட்டம் பல ஆண்டுகள் நின்றது. முதல் பக்கத்தை அடிக்கப் புதியவருக்கு வழி இருந்தது. கடைசிப் பக்கத்தைக் கோக்கும் இடத்துக்கு அவர் வந்து சேரும் வழி அவ்வளவு தெளிவாக அமையவில்லை. நான்காம் தமிழ்ச் சங்கத்தின் தேர்வுப் படிகளில் இருந்த ஒரு நன்மை, பண்டிதம் வரை போகும் பாதை முதல் நாளிலேயே மாணவர் கண்ணுக்குத் தெரிந்ததுதான்.

பின்வந்தவை

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இந்தச் சுமையைப் பங்கிட வேறு வழியை எடுத்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும் கட்டடக் கலைஞருமான இ. மயூரநாதன் அமீரகத்திலிருந்தபடி தொடக்ககாலத்தில் பெரும் எண்ணிக்கையில் கட்டுரைகள் எழுதினார். ஆனால் வெளியிடும் உரிமை அவர் கையிலும் இல்லை, வேறு எவர் கையிலும் இல்லை. எழுதியவர் சேமித்தவுடன் அது வெளியாகிவிடும். புதியவர் எழுதிப் பழக 'மணல்தொட்டி', ஐயம் கேட்க 'ஒத்தாசைப் பக்கம்', பொதுவாகக் கூடிப் பேச 'ஆலமரத்தடி' என்று இடங்கள் ஏற்பட்டன. கிராமத்துச் சாவடியை நினைவூட்டும் இப்பெயர்களே பாதி வரவேற்பு.

மென்பொருள் பக்கத்தில், 1998 ஜனவரியிலேயே சென்னையில் லினக்ஸ் பயனர் குழு தொடங்கியிருந்தது. 2012 ஜனவரியில் த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கும் கட்டுரைகளை வெளியிட்டது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் அங்கிருந்து வந்தவை. விழுப்புரத்தில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்டது. முத்தையா அண்ணாமலை தமிழில் நிரல் எழுத 'எழில்' மொழியை உருவாக்கியதோடு, தமிழ் எழுத்துகளைக் கையாளும் 'ஓப்பன் தமிழ்' நிரல்தொகுப்பைத் திறந்த மூலமாக வளர்க்கவும் முன்னின்றார்.

நிரலும் நூலும் மீண்டும் ஒன்றாகச் சேர்ந்த இடம் தமிழ் விக்கிமூலம். 2010களின் இடையில் தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் ஏறத்தாழ 2,000த்தின் படங்களை வழங்கியது. கூகுளின் எழுத்துணரி அதற்குள் தமிழை நன்றாகப் படிக்கத் தொடங்கியிருந்தது. அதைக் கொண்டு பக்கங்களை எழுத்தாக்கி விக்கிமூலத்தில் ஏற்றும் நிரலைச் சீனிவாசன் எழுதினார். மதுரைத் திட்டத் தன்னார்வலர் ஓர் எழுத்தையும் விடாமல் அடித்த வேலையை இப்போது நிரல் செய்ய, மனிதருக்கு மெய்ப்பு மட்டும் எஞ்சியது.

அங்கே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம் உண்டு. எவரும் மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள். அவரல்லாத இன்னொருவர் மீண்டும் பார்த்து உறுதி செய்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் விடாது. செய்தவர் பெயரைத் தனி முகப்பில் எழுத வேண்டிய தேவையும் இல்லை. பக்கத்தின் வரலாற்றில் ஒவ்வொரு மாற்றமும் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகிறது. சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்த பக்கங்கள் அங்கே நிறைய. பச்சைக்குப் போனவை அவற்றைவிடக் குறைவு. ஒரு பக்கத்தைப் பச்சையாக்கச் சில நிமிடங்கள் போதும். விக்கிமூலத்தில் கணக்குத் தொடங்கிய எந்த மாணவரும் இன்றே அதைச் செய்யலாம்.